ஒரே ஆலை, ஒரே சம்பளம், இரண்டு மகன்கள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவும் உங்கள் நண்பரின் அப்பாவும் கோவைப் பக்கம் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஒரே ஷிப்ட், ஏறக்குறைய ஒரே சம்பளம். நீங்கள் இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்து, இன்று ஒரே மாதிரி வேலையில் இருக்கிறீர்கள். நீங்கள் வீடு கட்டிவிட்டீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த நண்பர் இன்னும் வாடகை வீட்டில், கழுத்து வரை கடனில். "அப்பாக்கள் சமம், படிப்பு சமம், சம்பளம் சமம். ஏழை வீட்டுப் பிள்ளை ஏழையாகவே நிற்பது எல்லாச் சாதியிலும் நடப்பதுதானே? இதில் பாகுபாடு எங்கே வருகிறது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் பாடம் எடுத்த வருடங்களில் இதை யாராவது ஒருவர் கேட்காமல் விட்டதில்லை. பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து, கொஞ்சம் கோபத்தோடு வரும்.

நான் தொழிலாளர் பொருளாதாரம் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் வட மாவட்டங்களில் வீடு வீடாகப் போய்க் குடும்பக் கணக்கெடுப்பு எடுத்திருக்கிறேன். அந்தப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'கூலி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் கட்டத்தில் எழுதாமல் விட்டதில்தான் இருக்கிறது என்று பின்னால்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பாவின் வருமானம் பிள்ளையின் வருமானத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பது ஒன்று. இரண்டு சமூகங்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக நிற்கும் இடைவெளியை அது ஒன்றே விளக்கிவிடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் கேள்விக்குப் பொருளாதாரத்தில் ஒரு எளிய அளவுகோல் உண்டு. அப்பாக்களின் வருமான வித்தியாசத்தில் எத்தனை பங்கு பிள்ளைகளிடமும் மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். டென்மார்க்கில் அது 0.15 அளவில் வருகிறது. அமெரிக்காவில் 0.5க்குப் பக்கத்தில். வருமான ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள நாடுகளில் இந்த எண்ணும் அதிகமாக இருப்பதை மைல்ஸ் கொராக் என்ற கனடியப் பொருளாதார அறிஞர் பல நாடுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். இங்கே நமக்கு வேண்டியது அந்த எண்ணை வைத்துப் போடும் ஒரு மனக்கணக்கு. 0.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொள்ளுத்தாத்தாவின் வருமானம் இன்னொருவருடையதைப் போல 4 மடங்கு. அடுத்த தலைமுறையில் அது சராசரியாக 2 மடங்காகும் (மடங்குக் கணக்கில் 0.5 என்றால் வர்க்கமூலம் எடுப்பது). அதற்கடுத்து 1.4 மடங்கு. அதற்கும் அடுத்து 1.2 மடங்கு. அதாவது அமெரிக்கா போல மேலே ஏறுவது கடினமான நாட்டில்கூட, அப்பா வருமானம் மட்டுமே காரணமென்றால், மூன்று தலைமுறையில் இடைவெளி கிட்டத்தட்டக் கரைந்துவிட வேண்டும். டென்மார்க் எண்ணைப் போட்டால் ஒரே தலைமுறையில் பெரும்பகுதி போய்விடும்.

ஏழ்மை ஏழ்மையைப் பெறும் என்பது உண்மை. ஆனால் தானாகக் கரைந்துபோவதும் அதன் இயல்புதான். தொட்டியில் கிடக்கும் தண்ணீர் வெயிலில் வற்றும். நூறு வருடமாக வற்றாமல் அதே மட்டத்தில் நிற்கிறதென்றால் எங்கோ குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழாய் எது என்று தேடுவதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி.

இதை நேரடியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரே வருமானமுள்ள அப்பா அம்மாவுக்குப் பிறந்த, ஆனால் வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த பிள்ளைகளை எடுத்து, பெரியவர்களானதும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது. உங்களையும் உங்கள் நண்பரையும் போல லட்சக்கணக்கான ஜோடிகள். இதை மிகப் பெரிய அளவில் செய்தது அமெரிக்காவில் ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும். சுமார் 2 கோடிப் பிள்ளைகளின் வருமான வரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளைப் பெற்றோரின் பதிவுகளோடு இணைத்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே வருமானமுள்ள குடும்பங்களில், ஒரே பகுதியில் வளர்ந்த பையன்களிலும் கறுப்பினப் பையன்கள் வெள்ளையினப் பையன்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். நாட்டின் சிறு பகுதிகளில் 99 சதவீதத்தில் இதே கதை. பணக்கார வீடுகளிலும் அப்படித்தான்: மேல்தட்டு ஐந்திலொரு பங்கில் பிறந்த கறுப்பினப் பிள்ளை அங்கேயே தங்குவதற்கு எவ்வளவு வாய்ப்போ, ஏறக்குறைய அதே அளவு வாய்ப்பு அடித்தட்டு ஐந்திலொரு பங்குக்குச் சரிந்து விழுவதற்கும் இருந்தது.

பெண்களின் சொந்தச் சம்பாத்தியத்தைப் பார்த்தால், அதே ஆய்வில் இந்த இடைவெளி ஏறக்குறைய இல்லை. பாகுபாடு என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அடி விழும் என்று நினைத்திருந்தவர்களை இது உட்கார வைத்து யோசிக்க வைத்தது. ஆண் மீது போலீசும் முதலாளியும் பள்ளியும் வைக்கும் சந்தேகம் வேறு வகை என்பது ஒரு விளக்கம். அது எவ்வளவு தூரம் சரி என்பதில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. சரி, எந்த விளக்கத்தை எடுத்தாலும் ஒன்று நிச்சயம்: அப்பா சம்பளம் ஒன்றானால் பிள்ளையும் ஒரே இடத்தில் போய் நிற்பான் என்பது அங்கே பொய்த்துவிட்டது.

இந்தியாவுக்கு வந்தால் நம் கை கொஞ்சம் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அப்பாவின் வருமானத்தையும் பிள்ளையின் வருமானத்தையும் இணைக்கும் பதிவுகள் நம்மிடம் கிடையாது. பெரும்பாலான வருமானம் வரிக் கணக்கிலேயே வருவதில்லை. கணக்கெடுப்புப் படிவங்களிலும் பல நேரம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் அப்பா, மகன் மட்டும்தான் சிக்குவார்கள். தனிக்குடித்தனம் போன மகன் விடுபட்டுப் போவான். கல்யாணமாகிப் போன மகள் வேறு வீட்டின் 'மருமகள்' கட்டத்தில் உட்கார்ந்திருப்பாள், அவளுடைய அப்பா யார் என்று படிவம் கேட்காது. ஆகவே இந்தியாவில் தலைமுறை ஏற்றம் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்ததில் முக்கால்வாசி ஆண்களைப் பற்றியது, அதுவும் வருமானத்தை வைத்து அல்ல, படிப்பையும் தொழிலையும் வைத்து அளந்தது.

இருக்கும் தரவை வைத்துக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் சாம் ஆஷர், பால் நோவோசாட், சார்லி ராஃப்கின் மூவருடையது ஒன்று. படிப்பில் அடிப்பாதியில் இருந்த அப்பாக்களின் மகன்கள் எந்தப் படிக்கு ஏறினார்கள் என்று 1950களில் பிறந்தவர்கள் முதல் பார்த்தார்கள். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஏற்றம் கூடவுமில்லை, குறையவுமில்லை. தாராளமயம் வந்து எல்லாம் தலைகீழாக மாறியதாகப் பேசுகிறோம், இதில் பெரிய அசைவில்லை. ஆனால் அந்தச் சராசரிக்கு உள்ளே பெரிய நகர்வு நடந்திருக்கிறது: பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளின் ஏற்றம் கூடியிருக்கிறது, முஸ்லிம் பிள்ளைகளுடையது குறைந்திருக்கிறது. ஏழ்மை மட்டுமே காரணமாக இருந்தால், ஒரே காலத்தில் ஒரே நாட்டில் இரண்டு ஏழைக் கூட்டங்கள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருக்காது. ஒதுக்கீடும் உதவித்தொகையும் அரசியல் குரலும் ஒரு பக்கம் இருந்தன, இன்னொரு பக்கம் அவ்வளவாக இல்லை என்பது என் வாசிப்பு. ஆய்வாளர்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன்: "அப்பாக்கள் சமம்." புள்ளிவிவரக்காரர்களும் இதைத்தான் செய்வார்கள். அப்பாவின் படிப்பு, தொழில் என்று கையில் இருப்பதைச் சமமாக வைத்துக் கணக்குப் போட்டதும் சாதி இடைவெளி சுருங்கும். உடனே "பெரும்பகுதி பாகுபாடு அல்ல, வெறும் குடும்பப் பின்னணிதான்" என்று ஒரு தலைப்பு வரும். அந்தக் குடும்பப் பின்னணி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நேற்றைய பாகுபாடு இன்றைக்குப் 'பின்னணி' என்ற பெயரில் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சமப்படுத்தி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பாகுபாடு என்று எண்ணுவது, வட்டியை மட்டும் கடன் என்று சொல்லி அசலை மறப்பது மாதிரி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். விழுப்புரம் பக்கம் ஒரு ஊர். ஊரில் ஒரு வீடு, காலனியில் ஒரு வீடு. (அரசுப் பதிவேடுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊரில் வாயில் வருவது இன்னும் அதே சொல்தான்.) படிவத்தில் இரண்டுக்கும் மாத வருமானம் 12,000 ரூபாய்க்குப் பக்கத்தில். இரண்டு அப்பாக்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் உடனடியாக ஒரு லட்சம் தேவைப்பட்டது. முதல் வீட்டில் தாத்தா காலத்து ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் பட்டாவோடு இருந்தது. விளைச்சல் பெரிதாக ஒன்றுமில்லை, வருமானக் கணக்கில் அது ஏறவே இல்லை. ஆனால் சிட்டா, அடங்கலை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்தார்கள், விவசாய நகைக்கடனாக 7 சதவீத வட்டிக்குப் பணம் கிடைத்தது. காலனி வீட்டில் நிலம் இல்லை. வீடு நிற்கும் மனைக்கே பட்டா இல்லை. நகை ஏற்கெனவே அடகுக் கடையில். கல்விக்கடனுக்கு வங்கி இன்று வா நாளை வா என்று இழுத்த வாரங்களில் கல்லூரி கடைசித் தேதி சொல்லிவிட்டது. மூணு வட்டிக்கு வாங்கினார்கள். நூறுக்கு மாதம் மூன்று ரூபாய்.

கணக்குப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு முதல் வீடு வருடம் 7,000 கட்டியது. இரண்டாவது வீடு 36,000. நான்கு வருடப் படிப்பில் வித்தியாசம் மட்டும் 1,16,000 ரூபாய். கடன் வாங்கிய முதலைவிட அதிகம். பையன் தேறினான், வேலைக்கும் போனான். ஆனால் முதல் மூன்று வருடச் சம்பளம் யாருக்குப் போகும் என்பது அவன் பரீட்சை எழுதும் முன்பே முடிவாகிவிட்டது. இந்த இரண்டு வீட்டையும் 'ஒரே வருமானம்' என்று நானே என் கையால் படிவத்தில் எழுதினேன்.

அந்த ஒன்றரை ஏக்கர் ஏன் ஒரு வீட்டில் இருந்தது, இன்னொன்றில் இல்லை? யாரும் சோம்பேறியாக இருந்ததால் அல்ல. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரமன்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பண்ணையாளாக இருப்பவன் புறம்போக்கை உடைத்து விவசாயம் செய்ய நினைத்தாலும் விட மாட்டார்கள், ஊரின் மிராசுதாரர்களுக்குத்தான் அந்த நிலத்தில் முதல் உரிமை என்பது நடைமுறை. அதற்கடுத்த வருடம் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. அதுதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது. முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் பல இடங்களில் கைமாறிப்போனது. 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் நடந்த நிலமீட்புப் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் பலருக்கு நினைவிருக்கும். நான் பார்த்த காலனி வீட்டுத் தாத்தாவுக்கும் எங்காவது பஞ்சமி நிலம் இருந்ததா என்று எனக்குச் சொல்ல யாரும் மிச்சமில்லை.

அமெரிக்கக் கணக்கிலும் இதே விஷயம் எண்ணாகத் தெரிகிறது. சராசரி வெள்ளையரின் சொத்து, கறுப்பினத்தவரின் சொத்தைப் போல 1860இல் ஏறக்குறைய 60 மடங்கு. அடிமை முறை ஒழிந்தபின் மளமளவென்று சுருங்கி 1920இல் 10 மடங்கு, 1950களில் 7 மடங்கு. அதன் பிறகு எழுபது வருடம் போய், இன்றைக்கு 6 மடங்கு. அதாவது கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிட்டது. நடுவில் 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிசார் உரிமைச் சட்டம் வந்தது, 1968இல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் அதைத் தடைசெய்த சட்டம் வந்தது, சம்பள இடைவெளி ஓரளவு குறையவும் செய்தது. ஆனால் கைமுதல் இருப்பவனுக்குப் பங்குச் சந்தை ஏறும்போது தூக்கத்திலும் சொத்து வளர்கிறது. சம்பளம் மட்டும் வாங்குகிறவன் அதை ஓடிப் பிடிக்க முடிவதில்லை. இன்றைக்கு யாரும் யாரையும் வெறுக்காவிட்டாலும் நேற்றைய கணக்கு இப்படி ஓடிக்கொண்டே இருக்கும். வீடு கட்டிய உங்களுக்கும் கட்டாத நண்பருக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்த வகை என்று ஊகிக்கிறேன். உங்களை நேரில் தெரியாதவன் செய்யும் ஊகம், அவ்வளவுதான்.

சரி, 'இன்றைக்கு யாரும் யாரையும் வெறுக்கவில்லை' என்பது உண்மையா? அதையும் சோதித்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். 2007இல் வந்த முடிவு: உயர்சாதி இந்துப் பெயருக்குக் கிடைத்த வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்பா யார், சொத்து எவ்வளவு என்ற பேச்சே இல்லை. காகிதத்தில் பெயர் மட்டும்தான்.

இதை அப்படியே தமிழ்நாட்டுக்குத் தூக்கி வர முடியாது. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதை விட்டுப் பல தலைமுறை ஆகிவிட்டது. முருகேசன் என்ற பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது. முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். இது ஒரு நிஜமான பாதுகாப்பு. ஆனால் அதற்குப் பதிலாக "எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?" என்ற கேள்வி வந்துவிட்டது. வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். பெயர் மாற்றி அனுப்பும் சோதனைகளில் இது அகப்படாது.

தலைமுறைக்கும் பாகுபாட்டுக்கும் நடுவே உள்ள முடிச்சை எனக்குத் தெளிவாகக் காட்டியது வேறொரு ஆய்வு. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதியில் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அதிகாரிகளை உட்கார வைத்துப் பேசினார்கள். ஒருவரும் சாதி பார்க்கிறேன் என்று சொல்லவில்லை, தகுதிதான் முக்கியம் என்றார்கள். அதே மூச்சில், நேர்முகத் தேர்வில் குடும்பப் பின்னணி கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், அண்ணன் தம்பி என்ன செய்கிறார்கள், எந்த ஊர். நல்ல குடும்பத்திலிருந்து வந்தவன் ஒழுங்காக இருப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பாவுக்கு நாற்பது வருடம் முன்பு மறுக்கப்பட்ட வேலை, இன்று மகனுக்கு எதிரான சாட்சியாக மேசைக்கு வந்துவிடுகிறது. கேட்கிறவருக்கு மனதில் துளி வெறுப்பு இல்லாமலும் இது நடக்கும். இந்த இடத்தில் 'குடும்ப ஏழ்மை' ஒரு பெட்டி, 'பாகுபாடு' இன்னொரு பெட்டி என்று பிரிக்கவே முடியாது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்கள் 642 பேரை வைத்து நடத்திய சோதனையையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். காகிதத்தில் வழிகண்டுபிடிக்கும் புதிர் கொடுத்து, முடித்ததற்கேற்பக் காசு கொடுத்தார்கள். சாதியை வெளியே சொல்லாதபோது இரு பக்கப் பையன்களும் சமமாகச் செய்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரையும் சாதியையும் வாசித்ததும் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. மனதைத் தொடும் முடிவு. ஆனாலும் இந்த வகை உளவியல் சோதனைகள் வேறிடத்தில் திரும்பச் செய்யும்போது பல நேரம் அதே பலன் தருவதில்லை. அதனால் நான் இதை ஆதாரப் பட்டியலின் முதல் வரியில் வைப்பதில்லை. வகுப்பில் உதவித்தொகை வாங்குகிறவர்களை எழுந்து நிற்கச் சொன்ன வாத்தியாரைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனை தேவையும் இல்லை.

இடைவெளியை வற்றவிடாத இன்னொரு குழாயும் உண்டு. அதில் கெட்ட எண்ணமே இல்லை என்பதால் பேசுவது கஷ்டம். வேலை பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான் கிடைக்கிறது. க்ளென் லவுரி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1977லேயே காட்டியது இதுதான்: வேலைவாய்ப்பில் சட்டப்படி முழுச் சமத்துவம் வந்த பிறகும், மக்கள் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே வாழ்ந்து, பழகி, கல்யாணம் செய்துகொண்டிருந்தால் பழைய இடைவெளி கரையாமல் நிற்கலாம். இந்தியாவில் சாதி மாறி நடக்கும் கல்யாணம் சுமார் 5 சதவீதம். மாமனாரும் மச்சானும் பங்காளியும் ஒரே வளையத்துக்குள். இந்த வளையம் உள்ளே இருப்பவர்களுக்கும் சில நேரம் கண்ணியாகிவிடும். மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளைப் பற்றி முன்ஷியும் ரோசன்ஸ்வைகும் செய்த ஆய்வில், ஆலைத் தொழிலாளர் சாதிகளைச் சேர்ந்த பையன்கள் மராத்தி வழியிலேயே படித்தார்கள், ஏனென்றால் உறவுக்காரர்கள் பிடித்துத் தரும் வேலை ஆலையில்தான். அந்த வளையத்தில் இடமில்லாத பெண் பிள்ளைகள் ஆங்கில வழிக்கு மாறி முன்னே போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. உங்கள் அப்பா ஆலைக்குள் எப்படி நுழைந்தார், நண்பரின் அப்பா எப்படி நுழைந்தார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தரப்பில் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆதிக்க சாதி என்று சொல்லப்படும் சாதிகளிலும் மூணு வட்டிக்கு வாங்குகிற வீடுகள் ஏராளம், நானே நூற்றுக்கணக்கில் படிவம் நிரப்பியிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளையின் கஷ்டம் பொய்யல்ல. ஏழ்மை தனியாகவும் தலைமுறை தாண்டும். பட்டியல் சாதிகளுக்குள்ளேயும் பெரிய இடைவெளி உண்டு. அதனால்தான் 2009இல் அருந்ததியருக்குப் பட்டியல் சாதிகளின் 18 சதவீத ஒதுக்கீட்டுக்குள் 3 சதவீதம் தனியாகப் பிரிக்க வேண்டி வந்தது. மொத்த இடைவெளியில் இத்தனை சதவீதம் பாகுபாடு என்று ஒரே எண்ணாகச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. நேற்றைய பாகுபாட்டை எந்தப் பக்கக் கணக்கில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். நல்ல தொழிலாளியைச் சாதிக்காக ஒதுக்கும் முதலாளி போட்டியில் தோற்றுப்போவான், காலப்போக்கில் சந்தையே பாகுபாட்டைக் கழுவிவிடும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1957இல் வாதிட்டதை இன்றும் சிலர் சொல்வார்கள். சில துறைகளில் அது ஓரளவு நடக்கலாம். ஆனால் மூணு வட்டிக்கும் ஏழு சதவீதத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சந்தை கழுவவில்லை, சந்தைதான் வைத்திருக்கிறது.

ஒதுக்கீடு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதே என்பீர்கள். தமிழ்நாட்டில் 69 சதவீதம் இருக்கிறது, அதனால் படிப்பிலும் அரசு வேலையிலும் நடந்த மாற்றம் நிஜம். உங்கள் நண்பர் பாலிடெக்னிக் வந்ததே அதன் பலனாக இருக்கலாம். ஆனால் ஒதுக்கீடு கதவைத் திறக்கிறது, கைமுதல் தருவதில்லை. தனியார் வேலைக்கு அது பொருந்தாது. நிலத்துக்கும் வட்டிக்கும் வாடகை வீட்டுக்கும் பொருந்தாது.

கடைசியாக, உங்கள் நண்பரின் கடனைப் பற்றி. சம்பளம் ஒன்று என்றீர்கள். சம்பளம் வந்த பிறகு எங்கே போகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. வீட்டில் முதல் ஆளாக மாதச் சம்பளம் வாங்குகிறவர்களிடம் ஒரு கேள்வியை நான் தவறாமல் கேட்பேன்: "போன மாசம் ஊருக்கு எவ்வளவு அனுப்பினீங்க?" தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சீட்டு, அப்பாவின் டயாலிசிஸ், சித்தப்பா பையனின் காலேஜ் ஃபீஸ், ஓட்டு வீட்டுக்குக் கூரை என்று ஒவ்வொன்றாக வரும். அந்த வளையத்தில் சம்பளக்காரர் அவர் ஒருவர்தான், எல்லாக் கையும் அவர் பக்கமே நீளும். உங்கள் வீட்டில் அப்பாவின் பி.எஃப். பணம் உங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு வந்திருக்கலாம். அவர் வீட்டில் அதே தொகை தாத்தா காலத்துக் கடனுக்குப் போயிருக்கலாம். சம்பளச் சீட்டில் இரண்டும் தெரியாது. நெருங்கிய நண்பர் என்றால் கேளுங்கள், சொல்வார்.